விபத்தில்லா ஆண்டு

அந்த ஊரில் ஒரு விழா நன்றாக நடந்ததா இல்லையா என்பது விழாவுக்கு முந்தின நாளே முடிவாகிவிடும். காப்பீட்டுக் கழகத்தின் செய்தித் தொடர்பு அதிகாரி தன் அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, "விழா இனிதே நிறைவுற்றது, கூட்டம் அலைமோதியது, தலைவரின் உரை கேட்டு மக்கள் கண்கலங்கினர்" என்று எழுதி, அச்செடுத்து அடுக்கிவிடுவார். மறுநாள் நிருபர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு ஆளுக்கொரு தாள். பொட்டலம் சூடாகக் கைக்கு வந்ததும் அவர்கள் கிளம்பிவிடுவார்கள். நடக்கப்போவதுதான் கையில் எழுத்தாக இருக்கிறதே, வெயிலில் காய்ந்து அதைக் கண்ணாலும் பார்க்க வேண்டுமா என்ன.

கழகம் என்றால் மருத்துவக் காப்பீட்டுக் கழகம். கையில் காசில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பது அதன் வாக்குறுதி. காசில்லாமல் போவது வரைக்கும் அது உண்மைதான்.

இந்தக் கழகத்தின் விழாக்களுக்கெல்லாம் மேடை போட்டுக் கொடுத்தவர்கள் ஒரு புருஷனும் பெண்டாட்டியும். புருஷனை ஊரில் மேடைக்காரர் என்பார்கள். பெண்டாட்டிக்குச் சரிங்கக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. மேடையை அரையடி தள்ளிப் போடச் சொன்னாலும் சரிங்க, திரும்பப் பழைய இடத்துக்கே கொண்டுவரச் சொன்னாலும் சரிங்க, கணக்கை அடுத்த மாதம் முடிக்கலாம் என்றாலும் சரிங்க. வாய் தவறிக்கூட வேறு வார்த்தை வராது. அதனால் அந்தப் பெயரே நின்றுவிட்டது. அவர்கள் கூலியில் விழாவுக்கு விழா காப்பீட்டுக்கென்று ஒரு தொகையைக் கழகம் பிடித்துக்கொள்ளும். அதற்கும் அவள் சரிங்க என்றுதான் சொல்லியிருந்தாள்.

அவர்கள் போடும் மேடையில் முன்பக்கம் நடுவில் ஒரு தூண் இருக்கும். பலகையைக் கீழிருந்து தாங்குவதும் அதுதான், கூரைச் சட்டத்தை மேலே தாங்குவதும் அதுதான். மேடையின் உயிர்நாடியே அங்கேதான் இருக்கிறது. கழகத்தின் ஆண்டு விழாவன்று அந்தத் தூண், டிவிக்காரர்களின் கேமராவுக்கும் தலைவரின் முகத்துக்கும் நட்டநடுவில் வந்து நின்றது.

"தலைவர் முகம் ரெண்டாத் தெரியுது. தூணை எடுங்க" என்றார் செய்தித் தொடர்பு அதிகாரி.

"சார், அதை எடுத்தா மேடை இறங்கிடும்" என்றார் மேடைக்காரர்.

"விழா முடியுற வரைக்கும் நின்னாப் போதும். அதுக்கப்புறம் அது நின்னா என்ன, படுத்தா என்ன?"

எடுத்தார்கள். தலைவர் பேசி முடிக்கிற வரை மேடை எப்படியோ தாக்குப்பிடித்தது. கடைசியில் எல்லா அதிகாரிகளும் படம் எடுத்துக்கொள்ள மேலே ஏறியபோது பலகை முனகியது. மேடைக்காரர் அடியில் புகுந்து தோள் கொடுத்தார். படம் எடுக்கிறவர் "இன்னொண்ணு, கொஞ்சம் சிரிச்ச மாதிரி" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு சாப்பாடு ஆறிப்போகும் என்று யாரோ சொல்ல, திமுதிமுவென்று இறங்கினார்கள். கடைசி ஆள் குதித்த அதிர்ச்சியில் மேடை மொத்தமும் மேடைக்காரர் மேல் உட்கார்ந்துவிட்டது. இடுப்பெலும்பு போயிற்று.

மறுநாள் பத்திரிகையில் "சிறு அசம்பாவிதமும் இன்றி விழா இனிதே நிறைவுற்றது" என்று வந்தது. படமும் வந்தது. வரிசையாகச் சிரிக்கிற அதிகாரிகள், அவர்களின் பளபளக்கும் செருப்புகள், செருப்புகளுக்குக் கீழே பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் நாலு விரல்.

ஆஸ்பத்திரி டாக்டர் நல்ல மனுஷன். ஒளிக்காமல் சொன்னார்: "எலும்பைச் சீக்கிரம் சேர்த்து வைக்கணும்மா. நாளைக் கடத்தினா கோணலாக் கூடிடும். அப்புறம் இவர் ஏணி ஏறுறதை மறந்துட வேண்டியதுதான், நடக்கிறதே பெரும்பாடு. கழகத்து ஒப்புதல் வந்தா அன்னைக்கே ஆபரேஷன்."

"வராட்டி?"

"கழகத்து உத்தரவு. கைக்காசு மொத்தமும் கட்டாட்டி, ஒப்புதல் வராம கத்தியைத் தொடக் கூடாது."

மேடைக்காரரை வீட்டுக்குக் கொண்டுவந்து மேடைப் பலகை ஒன்றின் மேல் படுக்கவைத்தார்கள். சரிங்கக்கா கழகத்துக்குப் போனாள்.

ஒப்புதல் அதிகாரியின் மேஜை மேல் ஒரு விதிப் புத்தகமும் அன்றைய பத்திரிகையும் மட்டும் இருந்தன. அவர் லஞ்சம் வாங்காதவர். பரிதாபமும் படாதவர். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுப் பத்திரிகையை விரித்தார்.

"பொது விழாவுல விபத்துன்னா பத்திரிகைச் செய்திதாம்மா ஆதாரம். ஏமாத்துறவங்க தொல்லை தாங்காம தலைவரே கொண்டுவந்த விதி. இதுல அசம்பாவிதம் இல்லைன்னு போட்டிருக்கே."

"அது முந்தின நாளே எழுதினதுங்க."

"இருக்கட்டும். எப்ப எழுதினா என்ன, அச்சுல வந்திருக்கில்ல?"

சரிங்கக்கா படத்தைத் தொட்டுக் காட்டினாள். "இந்த விரல் எங்க வீட்டுக்காரரோடதுங்க. அவர் அடியில நிக்கிறார் பாருங்க."

அதிகாரி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "ஆமா, விரல்தான். நாலும் நல்லாத்தானே இருக்கு? உங்க கோரிக்கை இடுப்புக்கில்ல?"

பத்திரிகைச் செய்தி இல்லாவிட்டால் வேறு வழியே கிடையாதா என்று கேட்டாள். உண்டு என்றார். மேடை போட்டவர் வந்து, மேடை விழுந்தது என்று சாட்சி சொன்னால் செல்லும்.

"அவர்தாங்க மேடை போட்டவர்."

"அவர்தானே அடிபட்டவரும்? தன் காயத்துக்குத் தானே சாட்சி சொல்ல முடியாது. பெண்டாட்டி சாட்சியும் செல்லாது. நீங்க பத்திரிகையில ஒரு திருத்தம் போடச் சொல்லுங்க."

"சரிங்க" என்று எழுந்தாள்.

பத்திரிகை அலுவலகத்தில் செய்தி ஆசிரியர் காலை நீட்டி உட்கார்ந்து, நாளை நடக்கப்போகும் ஒரு திறப்பு விழாவின் செய்திக்குத் தலைப்பு வைத்துக்கொண்டிருந்தார்.

"யாராவது செத்தாங்களா?" என்றார்.

"இல்லைங்க. இடுப்பு ஒடைஞ்சது."

"இடுப்பெல்லாம் உள்பக்கம், நாலு வரி. அதுவும் அன்னைக்கே வந்திருக்கணும். இன்னைக்கு நடந்தா செய்தி, நேத்து நடந்தா வதந்தி." கொஞ்சம் இரக்கப்பட்டவர் போலக் குரலைத் தணித்தார். "தங்கச்சி, நாங்க உண்மையைத்தான் போடுவோம். அதுல சந்தேகமே வேணாம். ஆனா எது உண்மைன்னு சம்பந்தப்பட்டவங்க கையெழுத்துப் போட்டுத் தரணும். கழகத்துத் தலைவர்கிட்ட ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க, நாளைக்கே திருத்தம் போடுறேன்."

செய்தி வந்தால் கழகம் நம்பும். கழகம் நம்பினால் செய்தி வரும். செக்குமாடு மாதிரி அவள் இந்த இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் சுற்றினாள். செக்கு சுற்றினாலாவது எண்ணெய் வரும். வீட்டில் மேடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். புரண்டு படுக்க அவளும் கொழுந்தனும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்க வேண்டியிருந்தது. வலித்தால் கத்துங்களேன் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவர் கத்துகிற ஆள் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அப்போதுதான் செய்தித் தொடர்பு அதிகாரியே அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். விஷயம் தெரிந்து உதவப்போகிறார் என்று நம்பிப் போனாள். அவர் எழுந்து நின்று கைகுலுக்காத குறை.

"நல்ல சேதி. இந்த வருஷம் நம்ம விழாவுல ஒரு விபத்துகூடப் பத்திரிகையில வரலை. அதனால நமக்கு 'விபத்தில்லா ஆண்டு' விருது. இந்த வாரமே பெரிய விழா எடுக்கிறோம். மேடை நீங்கதான் போடணும். உங்க மேடையிலதானே ஒரு விபத்தும் நடக்கல."

குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். இந்தக் குதிரை அதற்கும் மேலே போய், குழியைச் சுற்றிக் கொடி கட்டச் சொல்லி அவளுக்கே கூலியும் பேசியது. அந்த ஆளின் மேஜைக் கண்ணாடியை எடுத்து அவர் தலையிலேயே போடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். அப்புறம் சொன்னாள்:

"சரிங்க."

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மேடைக்காரர் கூரையைப் பார்த்தபடி யோசித்தார். "தூணை எடுக்கச் சொல்வாங்க. நான் சொன்ன மாதிரியே நீயும் சொல்லிப் பாரு. கேக்கலேன்னா எடுத்துடு. ஆனா நம்ம ஆளு ஒருத்தன்கூட அடியில போகக் கூடாது. தோள் கொடுத்ததுதான் நான் பண்ணின தப்பு."

"சரிங்க" என்றாள். இந்தச் சரிங்க மனசிலிருந்து வந்தது.

விருது விழாவன்று மேடை ஜோராக நின்றது. முன்பக்கம் நடுவில் தூணும் நின்றது. செய்தித் தொடர்பு அதிகாரி பார்த்ததும் கையை ஆட்டினார். "அடடா, இந்தச் சனியன் மறுபடியுமா? எடுங்க."

"அதை எடுத்தா மேடை இறங்கிடும்ங்க."

"போன தடவை எடுத்தோமே, என்ன ஆச்சு? பத்திரிகையைப் பார்த்தீங்கல்ல?"

தகராறு என்று நினைத்துத் தலைவரே வந்துவிட்டார். பெரிய மீசை, கஞ்சி போட்ட சட்டை. "என்னம்மா? மக்கள் என் முகத்தைப் பார்க்கணும்னு வந்திருக்காங்க. தூணைப் பார்க்கவா வந்திருக்காங்க?"

"சொல்ல வேண்டியது என் கடமைங்க. எடுத்தா விழுந்துடும்."

"விழாது. நான் சொல்றேன், எடு."

"சரிங்க. ஆளுங்க என் பேச்சைக் கேக்க மாட்டாங்க. நீங்களே மைக்ல ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

தலைவருக்கு மைக் என்றால் உயிர். பிடித்தார். "அந்த நடுத்தூணை எடுங்கப்பா. என் பொறுப்பு" என்றார். ஒலிபெருக்கி அதை மைதானத்தின் கடைசி நாற்காலி வரைக்கும் கொண்டுபோனது. கொழுந்தன் தூணை உருவித் தோளில் போட்டுக்கொண்டு வெகுதூரம் நடந்தான். மற்ற ஆட்களையும் சரிங்கக்கா மரத்தடிக்கு அனுப்பிவிட்டாள்.

விருது கொடுத்ததும் டிவிக்காரர்கள் கேமராவைச் சுருட்டினார்கள். நிருபர்கள் பொட்டலத்தோடு போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் தலைவர் உரை ஆரம்பித்தது.

"சிலர் கேக்குறாங்க, கழகம் ஏன் இவ்வளவு கறாரா இருக்குன்னு. நான் சொல்றேன், நோய்ங்கிறது ஒரு பழக்கம். காசு கொடுக்கக் கொடுக்க அது வளரும். நாங்க கொடுக்காததுனால எத்தனை பேர் ஆஸ்பத்திரிக்கே போகாம ஆரோக்கியமா வீட்டுலயே இருக்காங்க தெரியுமா? விபத்தும் அப்படித்தான். செய்தியில வராத விபத்து விபத்தே கிடையாது. ஒப்புதல் வராம எந்த டாக்டரும் கத்தியைத் தொடக் கூடாதுன்னு உத்தரவு போட்டவன் நான். யாருக்கும் விலக்கு இல்ல. நாளைக்கு நானே விழுந்தாலும் இதே விதிதான்!"

கூட்டம் கைதட்டியது. கூட்டம் என்பது கழகத்தின் ஊழியர்கள். கைதட்டாவிட்டால் விடுப்பில் கழித்துவிடுவார்கள். தட்டல் கேட்டதும் தலைவருக்கு உச்சி குளிர்ந்தது. ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டபடி, மேடையின் முன்விளிம்புக்கு, தூண் இல்லாத இடத்துக்கு, நடுவில் வந்து நின்றார்.

பலகை ஒரு தடவை முனகியது. சரிங்கக்கா மரத்தடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பக்கம் மடிந்து தலைவர் சறுக்கிக்கொண்டு போனார். பின்னாலிருந்த அதிகாரிகள் நாற்காலிகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள், தலைவரைப் பிடிக்க ஒரு கையும் நீளவில்லை. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். தலைவருக்கு மீசை, புருவம், வாய் எல்லா இடத்திலும் மண். பாவம் என்று அவளுக்குத் தோன்றியதா என்றால், இல்லை. நன்றாக ஆகட்டும் என்றுதான் தோன்றியது.

மறுநாள் பத்திரிகையில் "விழா இனிதே நிறைவுற்றது, தலைவர் மக்களின் வாழ்த்தொலிக்கு நடுவே கம்பீரமாக நடந்து சென்று காரில் ஏறினார்" என்று வந்தது.

கம்பீரமாக நடந்து சென்றவர் ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில், சக்கரக் கட்டிலில், இடுப்பெலும்பு உடைந்து கிடந்தார். டாக்டர் வந்து பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "ஒப்புதல் வரட்டும் ஐயா. உங்க உத்தரவு."

ஒப்புதல் அதிகாரி விதிப் புத்தகத்தையும் பத்திரிகையையும் எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்தார். "ஐயா, இதுல நீங்க நடந்து போயிட்டீங்களே."

"யோவ், என் இடுப்பைப் பாருய்யா!"

"பார்த்தேன் ஐயா. செய்தியில இல்லை."

"நான் தலைவர். நான் கடிதம் எழுதித் தர்றேன், திருத்தம் போடச் சொல்லு."

"தன் விஷயத்துல தானே கையெழுத்துப் போட முடியாதுங்களே. அதுவும் நீங்க கொண்டுவந்ததுதான்."

செய்தித் தொடர்பு அதிகாரி குனிந்து, கைக்காசு போட்டு ஆபரேஷனை முடித்துக்கொள்ளலாமே என்று காதில் சொன்னார். தலைவர் கெட்ட வார்த்தை கேட்டவர் போலத் திடுக்கிட்டார். "சொந்தக் காசா? காப்பீட்டுக் கழகத் தலைவன் சொந்தக் காசுல வைத்தியம் பார்த்தான்னு நாளைக்கு அந்த ஒரு செய்தியை மட்டும் ஒழுங்கா எழுதுவானுங்க."

மேடை போட்டவர் சாட்சி ஒன்றுதான் வழி. சரிங்கக்காவைக் காரில் அழைத்துவந்தார்கள். சக்கரக் கட்டிலில் தலைவர் வியர்த்துக் கிடந்தார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சொல்வது சும்மா இல்லை. முகத்தில் அந்தத் தெரிதல் நன்றாகவே எழுதியிருந்தது.

"அம்மா, மேடை விழுந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா."

எல்லாரும் அவளுடைய அந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தார்கள். அது வரவில்லை.

"வரிசைன்னு ஒண்ணு இருக்குங்க" என்றாள். "எங்க வீட்டுக்காரர் முன்னாடியே விழுந்தவர். அவர் விழுந்ததாவே இன்னும் ஆகலை. அவருக்குப் பின்னாடி விழுந்தவங்களுக்கு நான் எப்படிங்க சாட்சி சொல்றது?"

"அவருக்கு என்ன வேணும்?"

"உங்க கடிதம். பத்திரிகையில திருத்தம். ஒப்புதல். ஆபரேஷன் முடிஞ்சு அவர் கண்ணு முழிச்சதும் நானே வந்து நடந்ததை நடந்தபடி சொல்றேன்."

"ஐயா, அவர் விழுந்தார்னு போட்டா விபத்தில்லா ஆண்டு போயிடும். விருதைத் திருப்பிக் கொடுக்கணும்" என்று பதறினார் செய்தித் தொடர்பு அதிகாரி.

"விருதைக் கொண்டுவந்து என் இடுப்புக்கு முட்டுக் கொடுய்யா!" என்று அலறினார் தலைவர். கையெழுத்துப் போட்டார். படுத்துக்கொண்டு போட்டதால் அது கோணலாக இருந்தது. ஒப்புதல் அதிகாரி செல்லும் என்று சொன்னார்.

மறுநாள் பத்திரிகையின் உள்பக்கம் நாலு வரியில் மேடைக்காரர் ஒருவழியாக விழுந்தார். ஒப்புதல் வந்தது. அன்றைக்கே டாக்டர் கத்தியைத் தொட்டார். எலும்பு நேராகக் கூடிவிடும், மழைக்காலம் முடிவதற்குள் ஏணி ஏறலாம் என்று அவர் சொன்னபோதுதான் சரிங்கக்கா இத்தனை நாளில் முதல் தடவையாக உட்கார்ந்து அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு, சொன்ன சொல் தவறாமல் நடைக்கூடத்துக்குப் போனாள்.

ஒப்புதல் அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"மேடை விழுந்ததுங்களா?"

"விழுந்ததுங்க. ஐயா அதுலதான் அடிபட்டார்."

தலைவர் கண்ணை மூடி நிம்மதியாக மூச்சுவிட்டார்.

"எதனால விழுந்தது?"

"நடுத்தூணை எடுத்ததால. எடுத்தா விழும்னு ரெண்டு தடவை சொன்னேன். ஐயாவே மைக்கைப் பிடிச்சு, எடுங்க, என் பொறுப்புன்னு சொன்னார். மைதானமே கேட்டதுங்க."

அதிகாரியின் பேனா நின்றது. விதிப் புத்தகத்தைப் புரட்டினார். தேடிய பக்கம் கிடைத்ததும் அவர் முகத்தில் ஒரு சாந்தம் வந்தது. "எச்சரித்த பிறகும் ஒருவர் தானே வரவழைத்துக்கொண்ட காயத்துக்குக் காப்பீடு கிடையாது. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. மேல்முறையீடு தலைவரிடம் செய்யலாம்."

தலைவர் அவள் முந்தானையைப் பிடிக்கப் பார்த்தார், எட்டவில்லை. "அம்மா, அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் மாத்திச் சொல்லும்மா."

"மாத்திச் சொன்னாப் பொய்யாயிடும்ங்க. பொய் சொல்றது என் வேலை இல்லை, அதுக்குத்தான் நீங்க தனியா ஆள் வச்சிருக்கீங்களே" என்று சொல்லி, செய்தித் தொடர்பு அதிகாரியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தாள்.

வார்டில் மேடைக்காரர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவள் கஞ்சியை ஆற்றிக் கொடுத்தாள். நடைக்கூடத்திலிருந்து ஒரு அலறல் கேட்டது; கொஞ்சம் நின்று, இன்னொன்று.

"தலைவருக்கு அடின்னு சொன்னாங்களே, எப்படி இருக்காரு?" என்று கேட்டார்.

சரிங்கக்கா அன்றைய பத்திரிகையை விரித்துப் பார்த்தாள். "பூரண நலத்தோட இருக்காராம். கோப்பெல்லாம் பார்க்கிறாராம்."

மறுபடியும் அலறல் கேட்டது. மேடைக்காரர் காதைத் தீட்டிக்கொண்டார். "அப்ப இது யாரு கத்துறது?"

"தெரியலைங்க" என்றாள் அவள், கஞ்சியை ஒரு கலக்குக் கலக்கி. "செய்தியில வரல."